உளி முதல் ஒளி வரை

(உலோகத்தை வெட்டும் கலை மனிதனின் பழைய கலைகளுள் ஒன்று. உலைக்களத்தில் உளியும் சம்மட்டியும் செய்த வேலையை இன்று நெருப்பும் நீரும் ஒளியும் செய்கின்றன. நீலகிரி மலையின் இரும்புத்தொழிலையும் மலை இரயிலையும் தேயிலைத் தொழிற்சாலையையும் சான்றாகக் கொண்டு, தகட்டையும் குழாயையும் வெட்டும் இக்காலப் பொறிகளின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.)

தமிழில் வெட்டும் செயலைக் குறிக்கும் சொற்கள் பல. மரத்தை வெட்டுகிறோம்; நெல்லை அறுக்கிறோம்; துணியைக் கத்தரிக்கிறோம்; காயை நறுக்குகிறோம்; கல்லைச் செதுக்குகிறோம்; தளிரைக் கொய்கிறோம். பொருள் ஒன்றிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுப்பதே இவை அனைத்திலும் நிகழ்கிறது. ஆயினும் பொருளின் தன்மைக்கும் கருவியின் தன்மைக்கும் ஏற்பச் சொல் மாறுகிறது. செயலின் நுட்பத்தை உற்று நோக்கியவர்களாலேயே இத்தகைய சொற்களைப் படைக்க இயலும். உலோகத்தை வெட்டும் பொறிகளைப் புரிந்துகொள்வதற்கும் இச்சொற்களே நமக்கு வழிகாட்டுகின்றன.

மலையில் ஒலித்த சம்மட்டி

நீலகிரி என்றதும் தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் நம் நினைவுக்கு வரும். தேயிலை இம்மலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு இரும்பு அடிக்கும் ஓசை எழுந்தது. நீலகிரியின் பழங்குடிகளுள் ஒருவரான கோத்தர்கள் இரும்புத்தொழில், மரத்தொழில், மட்பாண்டத்தொழில், இசை ஆகியவற்றில் வல்லவர்கள். ஏழு ஊர்களில் வாழ்ந்துவந்த அவர்கள், தோடர்களுக்கும் படகர்களுக்கும் தேவையான கத்தி, கோடரி, அரிவாள், மண்வெட்டி முதலிய கருவிகளைச் செய்து கொடுத்தனர். ஈடாகத் தானியமும் பால்படு பொருள்களும் பெற்றனர். ஒரு மலையின் வேளாண்மையும் மேய்ச்சலும் வீடு கட்டுதலும் சில உலைக்களங்களைச் சார்ந்திருந்தன. கோத்தகிரி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அம்மக்களை நினைவூட்டி நிற்கிறது.

உலைக்களத்தில் இரும்பை வெட்டிய முறை எளியது. துருத்தியால் காற்றூதி, இரும்பைச் சிவக்கக் காய்ச்சுவர். பட்டடையின்மேல் வைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் உளியை நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். காய்ந்த இரும்பு இளகியிருக்கும்; ஆகவே உளி உள்ளிறங்கும். எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்பதைக் கொல்லர் இரும்பின் நிறத்தைக் கண்டே அறிந்தனர். கருஞ்சிவப்பு, செஞ்சிவப்பு, மஞ்சள் என நிறம் ஏற ஏற வெப்பமும் ஏறும். வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணே வெப்பமானியாக விளங்கியது. சமவெளியிலிருந்து ஆலைகளில் செய்த கருவிகள் மலைச் சந்தைகளுக்கு வரத் தொடங்கியபின் இத்தொழில் சுருங்கியது. எனினும், வெப்பத்தால் உலோகத்தை இளக்கி வெட்டலாம் என்று அவர்கள் கையாண்ட உண்மையே இன்றைய பெரும் பொறிகள் பலவற்றுக்கும் அடிப்படை.

வெட்டின் இயல்பு

உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் வெட்டும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது கத்தரித்தல். இரண்டு அலகுகளுக்கு இடையே தகட்டை வைத்து, ஓர் அலகால் அழுத்தினால், தகட்டின் ஒரு பகுதி கீழும் மறு பகுதி மேலுமாக நழுவிப் பிரியும். தையற்காரரின் கத்தரிக்கோலும் தகடு வெட்டும் பெரிய கத்தரிப் பொறியும் ஒரே விதியில் இயங்குபவை. இம்முறையில் பொருள் வீணாவதில்லை. வேலையும் விரைவில் முடியும். ஆனால் நேர்க்கோட்டில் மட்டுமே எளிதாக வெட்ட முடியும். வெற்றுக் குழாயை இவ்வாறு அழுத்தினால் அது நசுங்கிவிடும்.

இரண்டாவது அறுத்தல். இரும்பறுக்கும் ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் உலோகத்திலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்துச் செல்கிறது. குழாயை நசுக்காமல் துண்டிக்க இம்முறை ஏற்றது. மூன்றாவது செதுக்குதல். கடைசல் பொறியிலும் பல் வெட்டும் பொறியிலும் கடினமான வெட்டுளி உலோகத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்கி வேண்டிய வடிவத்தைக் கொணர்கிறது.

அறுக்கும்போது உலோகத்தின் ஒரு பகுதி தூளாகிப் போகிறது. அவ்வாறு அழியும் அகலத்தை வெட்டுத்தடம் என்பர். இதன் சிறப்பை ஒரு கணக்கால் அறியலாம். கடைகளில் இரும்புக்குழாய் பெரும்பாலும் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். அதிலிருந்து 1 மீட்டர் நீளமுள்ள 6 துண்டுகளை வெட்ட ஒருவர் எண்ணுகிறார். ஐந்து இடங்களில் அறுக்க வேண்டும். ரம்பத்தின் வெட்டுத்தடம் 2 மில்லிமீட்டர் எனில், 10 மில்லிமீட்டர் தூளாகிவிடும். முதல் ஐந்து துண்டுகளைச் சரியாக அளந்து வெட்டினாலும், ஆறாம் துண்டு 99 செண்டிமீட்டர்தான் இருக்கும். காகிதத்தில் சரியாக வந்த கணக்கு பட்டறையில் பிழையாகிறது. வெட்டுத்தடத்தைக் கணக்கில் சேர்ப்பதே தொழில் அறிவின் முதற்படி.

மலை இரயில் கற்பிக்கும் பாடம்

ஒரு மில்லிமீட்டரின் மதிப்பை நீலகிரி மலை இரயில் நன்கு உணர்த்தும். மேட்டுப்பாளையத்தில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் இவ்விரயில், 46 கிலோமீட்டர் பயணத்தில் 2,203 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. 1891இல் தொடங்கிய பணி, 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் நிறைவேறியது. யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை செங்குத்தாக ஏறுகிறது. சில இடங்களில் 12 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் உயர வேண்டும். வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் இவ்வேற்றத்தில் வழுக்கிவிடும். ஆகவே, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த பற்சட்ட முறை இங்குக் கையாளப்படுகிறது. தண்டவாளங்களின் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்திற்கு நேராக மறு சட்டத்தின் பள்ளம் அமையும். எஞ்சினின் பற்சக்கரம் இவற்றைப் பற்றிக்கொண்டு ஏறும். ஒரு பல் விலகுவதற்குள் மற்றொரு பல் பொருந்திவிடுவதால் பிடி ஒருபோதும் தளர்வதில்லை. பற்களின் இடைவெளி சிறிது பிசகினாலும் சக்கரம் சட்டத்தில் சரியாக அமராமல் அதிரும்; பல் தேயும். பயணிகளின் உயிர், உலோகத்தில் வெட்டிய பள்ளங்களின் ஒழுங்கைச் சார்ந்திருக்கிறது.

எஞ்சினின் கொதிகலனும் இதே பாடத்தை வேறு வகையில் கற்பிக்கிறது. கொதிகலன் என்பது வளைத்த தடித்த தகட்டால் ஆன பெரிய உருளை. அதனுள் பல சிறு குழாய்கள் நீளவாக்கில் செல்கின்றன. அடுப்பிலிருந்து வரும் சூடான வாயு குழாய்களின் உள்ளே பாய்கிறது. வெளியே சூழ்ந்துள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. குழாய்களின் இரு முனைகளும் துளையிட்ட இரண்டு தகடுகளில் பொருந்தியிருக்கும். முனையைத் துளைக்குள் செலுத்தி, உள்ளிருந்து விரித்து இறுக்குவர். குழாயைக் குறைவாக வெட்டிவிட்டால் விரித்து இறுக்குவதற்கு முனை போதாது, ஆவி கசியும். மிகுதியாக வெட்டிவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை நெருப்பில் கருகும். தகட்டின் துளை பெரிதானாலும் கசிவு. சிறிதானால் குழாய் நுழையாது. தகடும் குழாயும் தனித்தனியே வெட்டப்பட்டாலும் ஒன்றையொன்று எண்ணியே வெட்டப்பட வேண்டும்.

இப்பாதையில் ஓடிய எஞ்சின்கள் பல சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தன. பின்னர்த் திருச்சிராப்பள்ளி பொன்மலை இரயில்வே பணிமனை 2011 முதல் 2014 வரை எண்ணெயால் இயங்கும் நான்கு புதிய நீராவி எஞ்சின்களை உருவாக்கியது. 2021இல் நிலக்கரியால் இயங்கும் எஞ்சின் ஒன்றையும் அங்கே செய்து முடித்தனர். நீராவிக் காலம் உலகெங்கும் மறைந்துவிட்ட பின்னர், நூற்றாண்டுப் பழமையுள்ள வடிவமைப்பு ஒன்றைத் தமிழகத்துத் தொழிலாளர்கள் புதிதாகச் செய்து மலையேற்றினர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எரித்து வெட்டுதல்

தடித்த தகடுகளைக் கத்தரிக்கவும் அறுக்கவும் பெரும் ஆற்றல் தேவை. அதற்கு மாற்றாக வந்தது வாயு வெட்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டு உருளைகளும் இரப்பர்க் குழாய்களும் பொருந்திய கருவியைக் கண்டிருப்போம். ஒன்றில் ஆக்சிஜனும் மற்றொன்றில் அசிட்டிலீன் வாயுவும் இருக்கும். இரண்டும் கலந்து எரியும் சுடர் இரும்பை உருக்கி வெட்டுகிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. சுடர் இரும்பை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. எஃகு உருகுவதற்கு 1,500 டிகிரியை நெருங்க வேண்டும். ஆனால் 900 டிகிரியில் தூய ஆக்சிஜன் தாரையைப் பாய்ச்சினால் இரும்பு எரியத் தொடங்குகிறது. எரிந்த இரும்பு ஆக்சைடாகி உருகித் தாரையால் அடித்துச் செல்லப்படுகிறது. அவ்வெரிதலில் வெளிப்படும் வெப்பம் அடுத்த பகுதியையும் எரியச் செய்கிறது. விறகு எரிவதைப் போன்றே இங்கு இரும்பு எரிகிறது.

இவ்வுண்மையை அறிந்தால் இம்முறையின் எல்லையும் விளங்கும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கலந்திருக்கிறது. சூடானதும் குரோமியம் ஆக்சைடாகி மேற்பரப்பில் படலமாகப் படிந்து, எரிதல் உட்செல்லாமல் தடுத்துவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே இவ்விரண்டையும் வாயு வெட்டால் செம்மையாக வெட்ட இயலாது.

இக்குறையை நீக்கியது பிளாஸ்மா வெட்டு. வாயுவினூடே வலிய மின்வில்லைச் செலுத்தினால், வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, அது மின்சாரத்தைக் கடத்தும் நிலையை அடைகிறது. இந்நிலையைப் பிளாஸ்மா என்பர். சிறு துளையின் வழியே பீறிடும் அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியசை எட்டவல்லது. அது உலோகத்தை எரிப்பதில்லை, உருக்கித் தள்ளுகிறது. எனவே மின்சாரம் கடத்தும் எவ்வுலோகத்தையும் இதனால் வெட்டலாம்.

ஒளியால் வெட்டுதல்

வெயிலில் குவிலென்சைப் பிடித்துக் காகிதத்தை எரித்துப் பார்க்காத மாணவர் அரியர். ஒளியை ஒரு புள்ளியில் குவித்தால் வெப்பம் பிறக்கும். ஆனால் கதிரொளி பல நிறங்கள் கலந்தது. பல திசைகளில் செல்வது. ஆகவே அதனை மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்க இயலாது. லேசர் ஒளி ஏறத்தாழ ஒரே அலைநீளம் உடையது. அதன் அலைகள் படைவீரர் அணிவகுப்பைப்போல் ஒத்த நடையில் செல்பவை. எனவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவு புள்ளியில் அதனைக் குவிக்கலாம். அப்புள்ளியில் படும் ஆற்றலின் செறிவு எஃகை நொடிப்பொழுதில் உருக்கிவிடுகிறது.

முதல் லேசரை 1960இல் அமெரிக்க அறிவியலாளர் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு இயக்கிக் காட்டினார். ஒளியால் உருக்க முடிந்தாலும், உருகிய உலோகம் அதே இடத்தில் மீண்டும் உறைந்தது. 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், லேசர் கதிரோடு ஆக்சிஜன் தாரையையும் ஒருசேரச் செலுத்தி எஃகுத் தகட்டை வெட்டினார். ஒளி உருக்கியதைக் காற்று துடைத்தது. இன்றைய லேசர் வெட்டுப்பொறிகள் அனைத்தும் இவ்விணைவின் வழிவந்தவை.

துணைவாயுவைத் தேர்ந்தெடுப்பதில் நுட்பம் உண்டு. சாதாரண எஃகை வெட்டும்போது ஆக்சிஜனைச் செலுத்தினால், இரும்பு எரியும் வெப்பமும் லேசருக்குத் துணைசெய்யும். ஆனால் வெட்டிய விளிம்பில் கருநிற ஆக்சைடு படியும். துருப்பிடிக்காத எஃகுக்கு நைட்ரஜனைப் பயன்படுத்துவர். அது எரிதலுக்குத் துணைபோகாமல் உருகியதை மட்டும் ஊதித் தள்ளுவதால், விளிம்பு வெள்ளிபோல் மின்னும். உணவுப்பொருள் படும் கலங்களுக்கு இத்தகைய தூய விளிம்பு தேவை.

தெரியுமா?
கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டு லேசர் ஒளியை உண்டாக்கும் முறையை 1964இல் கண்டறிந்தவர் குமார் பட்டேல். மகாராட்டிர மாநிலத்தின் பாராமதியில் பிறந்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். நெடுங்காலம் உலகத் தொழிற்கூடங்களில் தகடு வெட்டியது இவர் கண்டறிந்த லேசரே. இன்று அதன் இடத்தை ஒளியிழை லேசர் பெற்றுவருகிறது. வாயு லேசரின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஒளியிழை லேசரின் அலைநீளம். குறுகிய அலையை உலோகங்கள் மிகுதியாக உட்கவர்வதால், குறைந்த மின்சாரத்தில் விரைந்து வெட்ட முடிகிறது. ஒளியிழை இயலுக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவராகப் போற்றப்படும் நரிந்தர் சிங் கபானி பஞ்சாபில் பிறந்தவர்.

அரித்து வெட்டுதல்

மலையருவி பாறையை அரித்து வழி அமைப்பதை நீலகிரியில் எங்கும் காணலாம். பல்லாயிரம் ஆண்டுகளில் அருவி செய்யும் வேலையை நீர்த்தாரைப் பொறி சில நிமிடங்களில் செய்கிறது. காற்றழுத்தத்தைப்போல் 4,000 மடங்கு அழுத்தத்தில் நீரை நுண்துளை வழியே செலுத்தினால், அது ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கிற்கும் மேலான வேகத்தில் பீறிடும். அதனோடு கார்னெட் என்னும் கடின மணலைக் கலப்பர். கன்னியாகுமரிக் கடற்கரையில் செந்நிறமாகத் தோன்றும் மணலில் இக்கனிமம் உண்டு. ஒவ்வொரு மணலும் உலோகத்தைச் சிறிது சுரண்ட, வெட்டு உருவாகிறது.

இம்முறையில் வெப்பம் எழுவதில்லை. நெருப்பாலும் ஒளியாலும் வெட்டும்போது விளிம்பை ஒட்டிய உலோகம் சூடேறி ஆறுவதால் அதன் கடினத்தன்மை மாறக்கூடும். நீர்த்தாரை வெட்டில் அம்மாற்றம் இல்லை. எஃகு மட்டுமன்றிக் கல், கண்ணாடி, இரப்பர் ஆகியவற்றையும் வெட்டலாம். வெப்பம் தாங்காத பொருள்களுக்கும் நெருப்பு நெருங்கக்கூடாத இடங்களுக்கும் இம்முறை ஏற்றது. ஆனால் லேசரைவிட வேகம் குறைவு. மணலுக்கான செலவும் மிகுதி.

எண்கள் நடத்தும் கை

ஒளியும் நெருப்பும் எவ்வளவு கூர்மையாயினும், அவற்றை ஏந்தும் கை நடுங்கினால் வெட்டும் கோணலாகும். அக்கையின் இடத்தில் எண்களை அமர்த்தியது ஒரு பெருமாற்றம். 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவில் பதித்த எண்களின்படி தானே நகரும் வெட்டுப்பொறியை இயக்கிக் காட்டினர். நாடாவின் இடத்தில் பின்னர்க் கணினி வந்தது. இன்று வரைபடத்தைக் கணினியில் இட்டால், ஒவ்வொரு கோடும் எண்களாக மாறி, வெட்டும் முனையை வழிநடத்துகிறது. ஒரு தகட்டில் பல வடிவங்களை இடைவெளி குறைத்து நெருக்கி அடுக்கி, கழிவைக் குறைக்கும் வழியையும் கணினியே கணக்கிடுகிறது. தையற்கலைஞர் துணியை விரித்து, முன்பகுதியையும் கைப்பகுதியையும் எப்படித் திருப்பி வைத்தால் துணி மிச்சமாகும் என்று ஆராய்வதை இது ஒத்தது.

குழாய் வெட்டுவதில் இம்மாற்றத்தின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும். உருண்டைக் குழாய் ஒன்றின் பக்கத்தில் மற்றொரு குழாயைச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும் என்று கொள்வோம். இரண்டாம் குழாயின் முனையைத் தட்டையாக வெட்டினால் இடைவெளி தோன்றும். முதற்குழாயின் வளைவோடு பொருந்துமாறு, குதிரைச் சேணம்போல் வளைத்து வெட்ட வேண்டும். முன்னாளில் இவ்வளைவைக் காகிதத்தில் வரைந்து, குழாயைச் சுற்றி ஒட்டி, கோட்டின்வழி அறுத்து, அரத்தால் இராவிப் பொருத்துவர். ஒரு முனைக்கே நெடுநேரமாகும். குழாய் வெட்டும் லேசர்ப்பொறியில் குழாய் தன் அச்சில் சுழல்கிறது. வெட்டும் முனை முன்னும் பின்னும் நகர்கிறது. இவ்விரு இயக்கங்களும் எண்களால் இணைக்கப்படும்போது அவ்வளைவு தானே அமைந்துவிடுகிறது.

தேயிலையும் எஃகும்

உலோக வெட்டின் செம்மை ஒரு குடும்பத்தின் வருவாயைத் தீர்மானிக்கும் இடம் நீலகிரியில் உண்டு. அது தேயிலைத் தொழிற்சாலை. இங்குப் பல்லாயிரம் சிறு விவசாயிகள் தம் தோட்டத்துப் பசுந்தளிரைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கும் தனியார் தொழிற்சாலைகளுக்கும் தருகின்றனர். பறித்த தளிர் முதலில் வாட்டப்படும். பின்னர் நொறுக்கி, கிழித்து, சுருட்டும் பொறிக்குச் செல்லும். 1930களில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய இப்பொறியில் பற்கள் வெட்டப்பட்ட இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிரே சுழல்கின்றன. ஒன்று மெல்லச் சுழல, மற்றொன்று அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் சுழலும். இரண்டிற்கும் இடையே சிக்கும் தளிர் வெட்டுண்டு, கிழிபட்டு, சுருண்டு வெளிவரும்.

பற்கள் கூராக இருந்தால் தளிர் செம்மையாக வெட்டுப்படும்; சாறு சீராக வெளிப்பட்டுக் காற்றோடு வினைபுரியும். பற்கள் மழுங்கினால் தளிர் நசுங்கும், சூடேறும், தூளின் தரம் குறையும். ஆகவே உருளைகளை அவ்வப்போது கழற்றி, பற்களை மீண்டும் வெட்டிக் கூராக்குவர். இப்பணிக்கென்றே மலையில் பட்டறைகள் உள்ளன. விடியற்குளிரில் ஒரு பெண் கொய்த தளிரின் விலை, எங்கோ ஒரு பட்டறையில் எஃகில் வெட்டிய பல்லின் கூர்மையோடும் பிணைந்திருக்கிறது. தேயும் எஃகின் துகள் தேயிலையில் கலவாதிருக்கக் காந்தங்களைப் பயன்படுத்துவதும் இதனாலேயே.

பனியும் துருவும் பாதுகாப்பும்

மலையின் ஈரக்காற்று இரும்புக்குப் பகை. பசுமைக்குடில்களின் சட்டங்களுக்குத் துத்தநாகம் பூசிய குழாய்களைப் பயன்படுத்துகின்றனர். அதனை வெப்பத்தால் வெட்டும்போது விளிம்பை ஒட்டிய துத்தநாகம் எரிந்துபோகிறது. அவ்விடத்தில்தான் துரு முதலில் தொடங்கும். வெட்டிய முனையைத் தூய்மை செய்து, துத்தநாகப் பூச்சை மீண்டும் பூசுவது சிறு வேலைதான். அதைச் செய்யாது விட்டால் நல்ல குழாயும் விரைவில் அழியும்.

அவ்வாறு எரியும் துத்தநாகத்தின் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். எனவே காற்றோட்டம் இன்றியமையாதது. உலோகம் வெட்டும் லேசர் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அதன் எதிரொளி விழித்திரையைக் கெடுக்கும். ஆகவே பொறியை மூடிய அறைக்குள் இயக்குகின்றனர். அசிட்டிலீன் உருளையை எப்போதும் நிறுத்தியே வைக்க வேண்டும். வெட்டிய தகட்டின் விளிம்பு கத்தியைப் போன்றது; கையுறையின்றித் தொடலாகாது. சுழலும் பொறிக்கு அருகில் மட்டும் தளர்ந்த கையுறையும் தொங்கும் ஆடையும் கூடா. அவை பொறியில் சிக்கிக் கையை இழுத்துவிடும். ஒரே கையுறை ஓரிடத்தில் காப்பும் மற்றோரிடத்தில் கேடும் ஆவதை அறிந்தவரே பயிற்சி பெற்ற தொழிலாளர்.

கருவி மாறும், கணக்கு மாறாது

பொறிகள் வந்தபின் கைத்திறனுக்கு இடமில்லை என்று சிலர் கருதுவர். உற்று நோக்கினால், வெட்டுபவர் முன் எப்போதும் மூன்று வினாக்கள் நிற்பது புலப்படும். எங்கே வெட்டுவது? எவ்வளவு விட்டு வெட்டுவது? எம்முறையால் வெட்டுவது? உலைக்களத்துக் கொல்லர் இரும்பின் நிறத்தைக் கண்டு இவற்றுக்கு விடை கண்டார். இன்றைய தொழிலாளர் வரைபடத்தையும் வெட்டுத்தடத்தையும் துணைவாயுவையும் எண்ணி விடை காண்கிறார். தவறான எண்ணைத் தந்தால், பொறி தவற்றையும் செம்மையாகவே வெட்டித் தரும். அதுவும் நூறு முறை. தீப்பொறியின் நிறத்தையும் ஓசையையும் கொண்டு வெட்டு சரியாக இறங்குகிறதா என்று அறியும் கண்ணும் செவியும் இன்றும் பட்டறையில் மதிப்புடையவை.

பள்ளிக் கல்விக்குப்பின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் இக்கலையைக் கற்கலாம். கணிதத்தில் கற்கும் வளைவும், இயற்பியலில் கற்கும் ஒளியும், வேதியியலில் கற்கும் ஆக்சிஜனேற்றமும் ஓர் எஃகுத் தகட்டின்மேல் சந்திக்கின்றன. அச்சந்திப்பை விளக்கத் தமிழில் சொல் இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. வெட்டலையும் அறுத்தலையும், கத்தரித்தலையும் செதுக்கலையும், எரித்தலையும் அரித்தலையும் வேறுபடுத்திக் காணும் மொழி நம்மிடம் உண்டு. அம்மொழியில் சிந்திக்கும் கைகள் பொறியை ஆளும்.

கலைச்சொற்கள்

வெட்டுத்தடம் – வெட்டும்போது அழிந்துபோகும் பொருளின் அகலம்
பற்சட்டம் – பற்சக்கரம் பற்றி ஏறுவதற்காகப் பற்கள் வெட்டப்பட்ட இரும்புச் சட்டம்
துணைவாயு – உருகிய உலோகத்தை அகற்ற லேசர் கதிரோடு செலுத்தப்படும் வாயு
பிளாஸ்மா – அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து மின்சாரம் கடத்தும் நிலையிலுள்ள வாயு
பட்டடை – இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்

கற்பவை கற்றபின்...

1. ஒரு கேரட்டைச் சுற்றிக் காகிதத்தை இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஆசிரியர் துணையுடன் இரண்டையும் சேர்த்துச் சாய்வாக வெட்டுங்கள். காகிதத்தை விரித்து, அதன் விளிம்பு எவ்வடிவில் உள்ளது என நோக்கி, குழாய் வெட்டும் முறையோடு ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரில் உள்ள பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்கு வழங்கும் கருவிகளின் பெயர்களையும் அவற்றின் பயன்களையும் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. வெட்டும் செயலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைக்க.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. வெட்டுத்தடம் என்பது யாது?
2. கோத்தர்கள் நீலகிரியின் பிற மக்களுக்குச் செய்துகொடுத்த கருவிகள் யாவை?
3. துருப்பிடிக்காத எஃகை வெட்டும்போது நைட்ரஜனைப் பயன்படுத்துவது ஏன்?

சிறுவினா
1. வாயு வெட்டால் அலுமினியத்தை வெட்ட இயலாமைக்குக் காரணம் தருக.
2. கொதிகலன் குழாயின் நீளம் கூடினாலும் குறைந்தாலும் நேரும் கேடுகளை விளக்குக.
3. 6 மீட்டர்க் குழாயை 3 மில்லிமீட்டர் வெட்டுத்தடம் உள்ள ரம்பத்தால் சம நீளமுள்ள நான்கு துண்டுகளாக அறுத்தால், ஒவ்வொரு துண்டின் நீளம் எவ்வளவு?

நெடுவினா
1. 'கருவி மாறும், கணக்கு மாறாது' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. உலோக வெட்டின் செம்மை நீலகிரி மக்களின் வாழ்வோடு பிணைந்திருக்கும் திறத்தை விவரிக்க.